சுலூனின் உச்சிமுடி

சுலூன் தன் வாழ்நாளில் வாங்கிய முதல் குத்து, நாற்பது கிலோமீட்டர் தள்ளிச் சாரகோல் பள்ளத்தாக்கின் கிணற்றடியில் ஆடுகளுக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த கோம்போ என்னும் குதிரைக்காரரின் மூக்கில் விழுந்தது. அக்கம்பக்கத்தில் மனிதர் ஒருவருமில்லை. மங்கோலியச் சமவெளியில் ஓயாமல் வீசும் காற்றுகூட அன்று படுத்திருந்தது. கோம்போ மூக்கிலிருந்து வழிந்த இரத்தத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு, எதிரே நின்ற ஆட்டுக்கடாவை நெடுநேரம் சந்தேகத்தோடு பார்த்தார். பிறகு இறைப்பதைத் தொடர்ந்தார். தாகத்தோடு நிற்கும் இருநூறு ஆடுகளுக்கு ஒரு மனிதனுடைய மூக்கு பெரிய விஷயம் அல்ல.

அதே நேரத்தில், வட்டாரப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில், பதினான்கு வயதுச் சுலூன் தன் முகத்தின் நடுவில் பதிந்த கையுறையை ஓர் ஈ உட்கார்ந்து எழுந்ததைப்போல் உணர்ந்து, சற்றும் பின்வாங்காமல் ஓரடி முன்னால் வைத்து, எதிராளியை ஒரே குத்தில் சாய்த்தான். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அவனுடைய பயிற்சியாளர் பால்தான் மட்டும் கைதட்டவில்லை.

"டேய், கதவைத் திறந்து போட்டுட்டு நிக்கிறே," என்றார் அவர். உறைபனி வீட்டுக்குள் புகுந்துவிடும் அந்த நாட்டில் உள்ளே வருகிற ஒவ்வொருவரும் முதலில் கேட்கிற சொல் அதுதான். "ரெண்டு கையும் முகத்துக்கு முன்னாடி இருக்கணும். கதவைச் சாத்து."

"வலிக்கலையே, ஆசானே."

"இன்னைக்கு வலிக்கலை."

அவனுக்கு மறுநாளும் வலிக்கவில்லை, மறு ஆண்டும் வலிக்கவில்லை. வலிக்காத இடத்தில் கையை வைத்துக் காப்பாற்ற வேண்டிய அவசியம் அவனுக்கு விளங்கவில்லை. ஆகவே அவன் இரு கைகளையும் இடுப்பளவில் தொங்கவிட்டபடி, சந்தையில் குதிரை பார்க்க வந்தவனைப்போல் எதிராளியின் முன்னால் நடந்து போவான். அதுவே அவனுடைய பாணி என்று பத்திரிகைகள் எழுதின.

சாரகோலில் காரணம் தெரியவர மூன்று போட்டிகள் ஆயின. அதைக் கண்டுபிடித்தவள் கால்நடை மருத்துவர் செவெல். ஒரே நாளில் ஒன்பது பேர் கண் வீங்கியும் உதடு கிழிந்தும் தன்னிடம் வந்தபோது, மனிதரையும் மாட்டையும் ஒரே நிதானத்தோடு பார்க்கிற அந்தப் பெண் மருந்து போடுவதற்கு முன் எல்லோரையும் உட்காரவைத்து, உப்பிட்ட பால் தேநீர் ஊற்றிக் கொடுத்து, யாருக்கு எப்போது அடி விழுந்தது என்று வரிசையாகக் கேட்டாள். வரிசை சொல்லச்சொல்ல அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வரிசை எல்லோருக்கும் பழக்கமானது. சுலூனுக்கு மூன்று வயதான கோடையில் அவன் தலைமுடியை வெட்ட அவர்கள் நின்ற வரிசை அது.

அந்தப் பக்கத்தில் பிறந்த ஆண்குழந்தையின் முடியில் மூன்று வயதுவரை கத்தரி படக்கூடாது. மூன்று நிறைந்ததும் உற்றாரை அழைத்து, நீலப் பட்டுத்துணி கட்டிய கத்தரிக்கோலை ஒவ்வொருவர் கையிலும் கொடுக்க, ஒவ்வொருவரும் ஒரு கற்றை வெட்டி, குழந்தையை வாழ்த்தி, வெட்டியதைப் பட்டில் முடிந்துவைப்பார்கள். வெட்டுகிறவர் அந்தக் குழந்தையின் வாழ்வில் ஒரு பங்கு ஏற்கிறார் என்று சொல்வது வழக்கம். அந்தச் சொல்லைச் சோதித்துப் பார்க்க அதுவரை யாருக்கும் சந்தர்ப்பம் வாய்த்ததில்லை. சுலூனின் தாய் ஞாமா அவனுக்கு முன்னால் இரண்டு ஆண்குழந்தைகளைப் பறிகொடுத்தவள். மூன்றாவதைத் தக்கவைத்துக்கொள்ள எத்தனை பங்காளிகள் இருந்தாலும் போதாது என்று நினைத்தாளோ என்னவோ, உறவினரோடு நிறுத்தாமல் பள்ளத்தாக்கு முழுவதையும் அழைத்தாள். அப்போதுதான் வேலைக்கு வந்திருந்த செவெலை அழைத்தாள். வழி கேட்க வண்டியை நிறுத்திய லாரிக்காரனைக்கூடக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். யாருக்கு முன்னால் யார் நிற்பது என்று பெரிய சண்டை நடந்தது. அதனால்தான் தன் இடம் எது என்பதை அவர்களில் ஒருவரும் மறக்கவில்லை.

உச்சந்தலையில் ஒரு கற்றையை யாரும் தொடாமல் விட்டுவைத்து, கடைசியில் குழந்தையின் பெயராலேயே எடுக்க வேண்டும் என்பது சாரகோலின் முறை. சாயங்காலம் நாற்பது பேர் வெட்டி முடித்தபோது அந்த ஒரு கற்றைதான் மிஞ்சியிருந்தது. சுலூனின் அக்காள் உயாங்காவுக்கு அன்று ஐந்து வயது. தன் கைக்குக் கத்தரி வரவில்லை என்று அவள் தரையில் புரண்டு அழுதாள். நாள் முழுக்க விருந்து பரிமாறி ஓய்ந்திருந்த ஞாமா, அந்த அழுகையை நிறுத்துவதற்காக, கத்தரியை அவள் கையில் கொடுத்து உச்சிமுடியை வெட்டச் சொன்னாள். இப்படியாக, பிள்ளைக்கென்று ஒரு முடியிழைகூட மிச்சமில்லாமல் அவனுடைய தலை நாற்பத்தொரு பேருக்குப் பங்கு போயிற்று.

ஓர் அதிசயத்தோடு எத்தனை நாள் அதிசயப்பட்டுக்கொண்டிருக்க முடியும்? குதிரைகளைக் கறக்க வேண்டும், குளிர்காலத்துக்குச் சாணம் காயவைக்க வேண்டும். பள்ளத்தாக்கு அந்த அதிசயத்தைத் தன் வேலைநாட்களுக்குள் எடுத்து வைத்துக்கொண்டது. பயிற்சியில் விழும் மெல்லிய தட்டல்கள் வருவதில்லை, போட்டி மணி அடித்தபின் விழும் குத்துகள் மட்டுமே வருகின்றன, கையுறையில் தடுக்கப்பட்டது வருவதில்லை, ஒவ்வொரு போட்டியும் கோம்போவிடமிருந்து புதிதாகத் தொடங்குகிறது, எங்கே போனாலும் தப்ப முடியாது என்பவற்றையெல்லாம் அவர்கள் அனுபவத்தில் அறிந்தார்கள். கொரியாவில் தொழிற்சாலை வேலைக்குப் போன பெண்ணொருத்தி இயந்திரத்தின் முன் நின்றபடியே தாடையில் வாங்கினாள். போட்டி நாளன்று யாரும் குதிரை ஏறவில்லை, யாரும் வண்டி ஓட்டவில்லை, பொய்ப்பல் வைத்திருந்தவர்கள் அதைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டார்கள். ஊர் மன்றத்தின் தொலைக்காட்சி முன்னால் எல்லோரும் வரிசைப்படி உட்கார்ந்தார்கள். வாங்கியவர் சத்தம் போடக்கூடாது. மூக்குப்பொடிக் குப்பியைக் கைமாற்றுவதுபோல் அடுத்தவர் தோளைத் தொட்டு, "உன்னிடம்" என்று சொல்லவேண்டும். இந்த ஒழுங்கை யாரும் வகுக்கவில்லை, எல்லோரும் கடைப்பிடித்தார்கள்.

கண்ணைச் சுற்றிய கருவளையம் சாரகோலில் ஒரு மரியாதையாயிற்று. முடிவெட்டுக்குப் பிறகு பிறந்த இளைஞர்கள் சிலர் அவுரிநெல்லிச் சாற்றைப் பூசிக்கொண்டு திரிந்து, மழையில் மாட்டிக்கொண்டு அவமானப்பட்டார்கள்.

"நம்ம சுலூனிடம் மட்டும் யாரும் மூச்சு விடக்கூடாது," என்று கோம்போ முதல் வாரத்திலேயே விதித்துவிட்டார். "தெரிஞ்சா அவன் கை தயங்கும். தயங்குற குதிரை எங்கேயாவது ஜெயிச்சிருக்கா?"

விடுமுறைக்கு வரும் சுலூன், "தாத்தா, மூக்குக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டால், "பழுப்புக் குதிரை உதைச்சிடுச்சு," என்பார். பழுப்புக் குதிரை அந்த வகையில் பல ஆண்டுகள் உதைத்துக்கொண்டே இருந்தது.

உயாங்கா வளர்ந்து, அந்த ஊரின் வானிலை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். மூன்று மணிக்கொருமுறை வெளியே போய் வெப்பத்தையும் காற்றின் திசையையும் பார்த்துக் குறித்து வைப்பது அவள் வேலை. எதையும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் அவளுக்கு அதனால் வந்ததோ, வரிசையில் கடைசியாக உட்கார்ந்ததால் வந்ததோ, சொல்வதற்கில்லை. அமெச்சூர் போட்டி என்பது மூன்று சுற்று. சுலூன் மீது இருபது குத்து விழும், மோசமான நாளில் முப்பது. நாற்பத்தொன்றாவது இடத்துக்கு எதுவும் வந்து சேர்ந்ததில்லை. "உனக்கென்னடி, ராணி மாதிரி உட்கார்ந்து பார்க்கிறே," என்று உதடு வீங்கியவர்கள் அவளைக் கேலி செய்தார்கள்.

அந்த ஆண்டுகளில் முதியவர்கள் ஒவ்வொருவராக இறந்தார்கள். இறந்தவருடைய பங்கு அவரோடு போய்விடவில்லை, அடுத்தவருக்கு நகர்ந்தது. சுலூன் ஆசியப் போட்டியின் இறுதிச் சுற்றில் வெள்ளி வாங்கிய மாலையில் உயாங்கா முப்பத்து நான்காவது ஆளாக இருந்தாள், அவள் வயிற்றில் நான்கு மாதம். கடைசி மணி அடிக்க மூன்று வினாடி இருக்கையில் செவெல் அவள் தோளைத் தொட்டாள்; மணிக்கு முன் இன்னும் ஒரு குத்து விழுந்தது. மறுநாள் காலையில் அந்தக் கரு கலைந்தது.

குளிர் என்றார்கள். வானிலைக் கருவியைப் பார்க்க அடிக்கடி வெளியே போனதால் என்றார்கள். அன்றைக்குக் குளிர் எத்தனை டிகிரி என்று அவளைவிடத் துல்லியமாக அறிந்தவர் அந்தப் பள்ளத்தாக்கில் யாருமில்லை. ஆயினும் அவள் மறுத்துப் பேசவில்லை. வெள்ளிப் பதக்கத்தோடு வந்த தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

அதன்பின் சுலூன் தொழில்முறைக் குத்துச்சண்டைக்குப் போனான்.

தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்கு அது சட்டையைக் கழற்றியதும் விளக்குகள் கூடியதும் மட்டும்தான். சாரகோலுக்கு அதன் பொருள் வேறு. கையுறை மெலிந்தது, ஒவ்வொரு குத்துக்குள்ளும் எலும்பு தெரிந்தது. சுற்று நான்காயிற்று, ஆறாயிற்று, எட்டாயிற்று. ஒரே போட்டியில் வரிசை முழுவதும் போய்த் திரும்பவும் கோம்போவிடம் வந்தது. உயாங்கா ஒருமுறை கன்னத்தில் வாங்கினாள், ஒருமுறை தோளில் வாங்கினாள். ஆனாலும் அவன் வென்றுகொண்டே இருந்தான். தன் விலா எலும்பைக் கொடுத்து வாங்கிய வெற்றியை விட்டுவிட யாருக்குத்தான் மனம் வரும்? தோற்றிருந்தால் அவர்கள் முன்பே நிறுத்தச் சொல்லியிருக்கக்கூடும்.

ஞாமாவும் காலமானாள். சாகுமுன் பட்டு முடிச்சை மகளிடம் கொடுத்து, அதற்குள் சிவப்பு நூல் கட்டிய சிறு கற்றையைக் காட்டி, "இது மட்டும் அவனோடது," என்றாள். "உன் வாயை மூடுறதுக்காக உன்னை வெட்ட விட்டேன். நினைப்பு வந்தப்ப நேரம் போயிருந்துச்சு."

சுலூனுக்கு இருபத்தொன்பது வயதில், ஏப்ரல் கடைசி ஞாயிறு பிற்பகல் ஒசாகா நகரில் உலகப் பட்டத்துக்கான போட்டி என்று செய்தி வந்தபோது, வரிசையில் எஞ்சியிருந்தவர்கள் இருபத்தேழு பேர். போட்டி பன்னிரண்டு சுற்று. எதிராளி மெக்சிக்கோக்காரன், விலாவுக்குக் கீழே, வயிற்றில் அடிப்பதில் பேர்போனவன். உயாங்காவுக்கு ஏப்ரல் கடைசியில் ஏழு மாதம் முடிந்திருக்கும்.

அவள் ஊர் மன்றத்தில் எழுந்து நின்றாள். "தம்பிக்குச் சொல்லிடலாம்," என்றாள்.

 ஒருவர் வயிற்றைச் சுற்றிக் கம்பளி கட்டலாம் என்றார். ஒருவர் சேணத்தோலை நனைத்துக் கட்டலாம் என்றார். வெளியிலிருந்து வராத அடியை எந்தத் தோல் தடுக்கும் என்று செவெல் கேட்டதும் இருவரும் தலைகுனிந்தார்கள்.

"நூறு அடிக்குமேல வாங்கியிருக்கேன், உயாங்கா," என்றார் கோம்போ. எழுபத்தாறு வயதில் அவர் மூக்கு மூன்று திசையைப் பார்த்தது. "இன்னும் ஒரே ஒரு போட்டி. உனக்கு வர்றது மூணோ நாலோ அடி. அதுவும் தலைக்கு வரலாம், தோளுக்கு வரலாம்."

"உங்க வயித்துல யாரும் இல்லை, தாத்தா."

கோம்போ தலையைத் திருப்பிக்கொண்டார். ஆனால் சரி என்று சொல்லவில்லை. அன்றிரவு உயாங்கா பட்டு முடிச்சை அவிழ்த்துச் சிவப்பு நூலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் தாமாகக் கேட்டு வெட்டவில்லை, அம்மா அழைத்து வெட்டச் சொன்னாள். அவர்கள் பங்கு அவர்களுடையது. அவளுடையதோ அழுது பறித்தது.

கற்றையைத் தம்பியிடமே திருப்பிக் கொடுக்கப்போவதாகச் செவெலிடம் மட்டும் சொன்னாள். செவெல் ஒரு கன்றுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள்.

"திருப்பிக் கொடுத்தா அது அவனுக்குப் போயிடும்னு யார் சொன்னது?"

"யாரும் சொல்லலை, அக்கா."

"போச்சுன்னு வை. பிறந்ததுலேர்ந்து ஒரு அடிகூட அறியாத உடம்பு. இந்த வயசுல, அந்த ஆள் கையால முதல் வலி. செத்துப்போனாலும் போவான்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

உயாங்கா கன்றின் தலையைப் பிடித்துக்கொண்டாள், ஊசி முடியும்வரை விடவில்லை. "ரெண்டு பேரையும் என்னால தூக்க முடியலை, அக்கா," என்றாள்.

பிப்ரவரியில் வெள்ளை மாதம் என்னும் புத்தாண்டு வந்தது, சுலூனும் வந்தான். இளையவர் தம் கைகளை மூத்தவரின் முழங்கைக்குக் கீழே கொடுத்துத் தாங்கி வணங்குவது அந்த நாளின் முறை. அவன் வீடு வீடாகப் போய் எல்லோர் கைகளையும் தாங்கிவிட்டு, கடைசியில் அக்காள் வீட்டுக்கு வந்து, ஆவியில் வெந்த இறைச்சிக் கொழுக்கட்டை பதினேழை ஒன்றன்பின் ஒன்றாக விழுங்கினான். முகத்தில் ஒரு தழும்பு இல்லை.

"கோம்போ தாத்தா கை ஏன் அப்படி வளைஞ்சிருக்கு?" என்றான்.

"பழுப்புக் குதிரை."

"பழுப்புக் குதிரை செத்து ரெண்டு வருஷம் ஆச்சே, அக்கா."

உயாங்கா அடுப்பில் இன்னொரு சாண வறட்டியை வைத்தாள். பிறகு சிவப்பு நூல் கட்டிய கற்றையை எடுத்து வந்து அவன் எதிரே அமர்ந்தாள்.

"இது உன் உச்சிமுடி. நான் வெட்டியிருக்கக் கூடாது, வெட்டிட்டேன். வாங்கிக்கோ."

அவன் சிரித்தபடி ஒரு கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"வாங்கினா வலிக்கும்," என்றாள்.

"எனக்கா? எனக்கு எது வலிச்சிருக்கு?"

"அதனாலதான் சொல்றேன்."

அவன் சிரிப்பு மெல்ல நின்றது. அக்காளின் முகத்தைப் பார்த்தான், அவள் வயிற்றைப் பார்த்தான், சாளரத்தின் வழியே தெரிந்த கோம்போவின் கூடாரத்தைப் பார்த்தான். அவன் அதுவரை பார்த்த கருவளையங்கள், கிழிந்த உதடுகள், குதிரைகள், வழுக்கிய பனிக்கட்டிகள் எல்லாம் அப்போது அவனுக்குள் எந்த வரிசையில் வந்து நின்றனவோ, அவன் சொல்லவில்லை.

"நான் வாங்கிக்கிட்டா உனக்கு நல்லதா?"

"எனக்கில்லை. உள்ளே இருக்கிறதுக்கு."

அவன் இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினான். பெரியவர்கள் தருவதை அப்படித்தான் வாங்கவேண்டும். அவள் வைத்தாள். அவன் அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, இன்னும் மூன்று கொழுக்கட்டை தின்றுவிட்டு, ஒன்றும் கேட்காமல் கிளம்பினான்.

ஏப்ரலின் கடைசி ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு உயாங்கா வெளியே போய்க் கருவிகளைப் பார்த்தாள். நான்கு டிகிரி, காற்று இல்லை. குறித்துவிட்டு மன்றத்துக்குள் வந்து இருபத்தேழாவது இடத்தில் உட்கார்ந்தாள். தான் செய்ததை அவள் செவெலைத் தவிர யாருக்கும் சொல்லியிருக்கவில்லை, செய்தது பலித்ததா என்று அறிய வழியும் இருந்திருக்கவில்லை.

மணி அடித்தது. திரையில் சுலூன் கைகளைச் சற்றே உயர்த்திக்கொண்டு வந்தான்; உயாங்கா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்; ஆனால் பதினைந்து ஆண்டுப் பழக்கம் அந்தக் கைகளை ஒரு நிமிடத்தில் இடுப்புக்கு இறக்கிவிட்டது. முதல் குத்தைக் கோம்போ நெற்றியில் வாங்கி, கண்ணைத் திறக்காமலே அடுத்தவர் தோளைத் தொட்டார். "உன்னிடம்." "உன்னிடம்." முதல் சுற்றில் ஒன்பது. ஒருவர் குனிந்தார், ஒருவர் பல்லைக் கடித்தார். இரண்டாம் சுற்றில் எட்டு. அதில் ஆறு வயிற்றில். வாங்கியவர்கள் மடங்கி விழுந்து, பக்கத்திலிருந்தவர்கள் தூக்கி உட்காரவைக்க, உயாங்காவின் பக்கம் திரும்பாமல் இருக்கப் படாதபாடு பட்டார்கள். மூன்றாம் சுற்றில் தோளைத் தொடும் கைகள் ஒவ்வொன்றாக நெருங்கிவந்தன. இருபத்து மூன்று. இருபத்து நான்கு. அவள் இரு கைகளையும் வயிற்றின்மேல் கோத்துக்கொண்டாள். அந்தக் கைகளால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தெரிந்தும் கோத்துக்கொண்டாள். இருபத்தைந்து. செவெல் விலாவில் வாங்கி, மூச்சு வராமல், வாயைத் திறந்தபடி, சொல்லாமல் அவள் தோளைத் தொட்டாள்.

மெக்சிக்கோக்காரன் இடதுகாலை உள்ளே வைத்து, விலாவுக்குக் கீழே குத்தினான்.

மன்றத்தில் உயாங்காவுக்கு ஒன்றும் நேரவில்லை. உள்ளே குழந்தை மட்டும், தூக்கத்தில் புரண்டு படுப்பவரைப்போல், தானாக ஒருமுறை திரும்பிக்கொண்டது.

திரையில் சுலூன் நின்ற இடத்தில் நின்றான். தெரியாத ஊரில் யாரோ தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதைப்போல் சுற்றுமுற்றும் பார்த்தான். அவன் வாய் திறந்தது. பிறகு ஒரு முழங்கால் மடிந்து, ஒரு கை ஊன்றி, தரைக்கு வந்தான். நடுவர் எண்ணத் தொடங்கினார்.

இருபத்தாறு தலைகள் உயாங்காவின் பக்கம் திரும்பின.

"உனக்கு வரலையா?" என்றார் கோம்போ.

"வரலை."

"அப்ப யாருக்குப் போச்சு?"

அவள் கையை வயிற்றிலிருந்து எடுக்காமல், முகவாயால் திரையைக் காட்டினாள். கோம்போ திரையின் பக்கம் திரும்பினார். "பாவி," என்றார் மெல்ல. அவளைச் சொன்னாரா, தன்னைச் சொன்னாரா, தெரியவில்லை.

நான்கு. ஐந்து. அவன் தலை தொங்கியிருந்தது. ஆறு. எழுந்திருடா என்று அவள் சொல்லவில்லை; இனி அதைச் சொல்லும் உரிமை தனக்கு உண்டா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஏழு. அவன் தன் விலாவைக் கையுறையால் தொட்டு, தொட்ட இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எட்டு என்னும்போது எழுந்தான். மெக்சிக்கோக்காரன் முடித்துவிடும் வேகத்தில் ஓடிவந்தான்.

வரிசை திரும்பவும் தலைப்பக்கம் போயிருந்தது. கோம்போ நிமிர்ந்து உட்கார்ந்து, கண்களை இறுக மூடி, மூன்று திசை பார்த்த மூக்கை வழக்கம்போல் முன்னால் நீட்டிக் காத்திருந்தார்.

திரையில் சுலூனின் இரு கைகளும் மெதுவாக மேலே வந்தன. முழங்கைகள் விலாவோடு ஒட்டின. கையுறைகள் முகத்துக்கு முன்னால் சேர்ந்தன. குத்து அதில் விழுந்தது, அங்கேயே தங்கிவிட்டது. அடுத்ததும் அதில் விழுந்தது. அதற்கடுத்ததும்.

கோம்போ காத்திருந்தார். மன்றம் மூச்சு விடாமல் அவரைப் பார்த்தது. நெடுநேரம் கழித்து அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து, தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"கதவைச் சாத்திட்டான்," என்றார்.